குழிமுகக் காசு

பாசிமுனையில் கடலோடு போனவர்கள் சில்லறையில் திரும்பி வரத் தொடங்கியது மழைக்காலம் முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை என்பார்கள், இல்லை புதன்கிழமை என்று மல்லுக்கு நிற்பவர்களும் உண்டு, எந்தக் கிழமையாக இருந்தாலும் முதல் காசு வந்தது திருச்செந்தூர் பஸ் கண்டக்டரின் பையிலிருந்துதான் என்பதில் மட்டும் ஊருக்குள் சண்டை இல்லை. மீன் கூடையோடு ஏறிய ஒருத்தி, டிக்கெட் போக மிச்சத்தை வாங்கி முந்தானையில் முடியப் போனவள், ஒற்றை ரூபாய்க் காசில் சிங்கம் இருக்கவேண்டிய இடத்தில் தன் தம்பி இருப்பதைக் கண்டாள். பல வருஷத்துக்கு முன் அவனைக் கொண்டுபோன புயலுக்கு முந்தின நாள் சவரம் பண்ணும்போது மேலுதட்டில் வெட்டிக்கொண்ட கீறல்கூட அப்படியே இருந்தது. அவள் அலறவில்லை. "ஏ கண்டக்டர், இவன் எங்க ஏறுனான்?" என்றுதான் கேட்டாள். கண்டக்டர் காசை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முந்துன ஸ்டாப்பாத்தான் இருக்கும்" என்று சொல்லி விசிலை ஊதினார்.

அதற்குப் பிறகு அவர்கள் டீக்கடைக் கல்லாவில் வந்தார்கள், ரேஷன் கடையில் வந்தார்கள், பிள்ளைகள் மிட்டாய் வாங்கக் கொண்டுபோன காசில் வந்தார்கள், அந்தப் புயலில் போனவர்கள் முதலில் வந்தார்கள், பிறகு அதற்கு முந்தின புயல்களில் போனவர்கள், எங்கள் தகப்பன்மார் சின்னப் பையன்களாக இருந்தபோது போனவர்கள், பேர் மறந்துபோனவர்கள்கூட, ஒவ்வொருத்தரும் கடைசியாக மூச்சு விட்ட நேரத்து முகத்தோடு வந்தார்கள். பங்குச்சாமியார் காசுக்கெல்லாம் ஜெபம் வைக்க முடியாது என்று கறாராகச் சொன்னார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டில் அவருக்குப் பூசையில் மணியடித்துக்கொண்டிருந்த பையனின் முகம் விழுந்ததும் மறுபேச்சில்லாமல் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். தச்சர்கள் உள்ளங்கை அளவில் சவப்பெட்டி செய்யப் பழகினார்கள். கடைக்காரர்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் துணி விரித்த ஒரு கிண்ணம் வைத்தார்கள், முகம் வந்தால் அதில் போட்டு வீட்டுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். எந்தக் காசையும் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குவது என்று ஆகிப்போனது, அதைப் பார்த்த வெளியூர் வியாபாரிகள் பாசிமுனைக்காரர்கள் மகா கஞ்சப் பயல்கள் என்று பேசிக்கொண்டு போனார்கள், போகட்டும்.

காசு வந்த வீட்டில் அடக்கம் முடிந்ததும் பெண்டாட்டியோ தாயோ கரைக்குப் போய்ப் பேர் விடவேண்டும். எங்கள் ஊரில் ஆள் வராத வீட்டுப் பெண்கள், படகு திரும்பும் நேரத்தில் கரையில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அது எத்தனை வருஷமானாலும் நடக்கும். அந்தக் கூப்பாட்டை நிறுத்துவதற்குப் பேர்தான் பேர் விடுதல். கடைசியாக ஒருமுறை பேரைச் சொல்லி, "நீ இனி வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிடவேண்டும். கேட்பதற்கு லேசாக இருக்கிறது. சொன்னவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் பூரணத்தை இந்த விஷயத்துக்குள் இழுத்துவிட்டது ஊர்க் கமிட்டிதான். பூரணம் நாணயம் சேர்ப்பவள், அதிலும் பிழையானதை மட்டும் சேர்ப்பவள். அச்சு நகர்ந்து பாதி விழுந்த காசு, இரண்டு தடவை அடிபட்டு எழுத்தின் மேல் எழுத்து ஏறிய காசு, எலி கடித்ததுபோல் ஓரம் போன காசு, இவையெல்லாம் மாத்திரை டப்பாக்களில் பஞ்சு வைத்துப் படுத்திருக்கும். ஒழுங்காக அடிக்கப்பட்ட காசைச் சேர்ப்பவர்களைக் கண்டால் அவளுக்கு எரிச்சல், அதைச் செலவு பண்ணிவிட்டுப் போகவேண்டியதுதானே என்பாள். இந்தப் பழைய காசு லட்ச ரூபாய்க்குப் போகும் என்று போனில் பார்த்தோம், நெஜமா அக்கா என்று கேட்டு வருபவர்களிடம், "இத வச்சு ஒரு டீ குடிக்கலாம், அதுவும் டீக்கடைக்காரன் மனசு வச்சா" என்று மூக்கை உடைத்து அனுப்புவாள். பொய் சொல்ல வராது அவளுக்கு. கல்யாண வீட்டில் சாப்பாடு நன்றாக இருந்ததா என்று கேட்டால்கூட உள்ளதைச் சொல்லிவிட்டு வரும் ரகம்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து அவள்தான் முதலில் சொன்னாள், இது யாரும் செதுக்கினதில்லை, அச்சுக்கு நடுவே வைத்து அழுத்தி அடித்தது, உலோகம் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடின ரேகை தெரிகிறது என்று. நம் நாட்டு நாணயச் சாலைகள் வருஷத்துக்குக் கீழே ஒரு புள்ளியோ வைரமோ நட்சத்திரமோ வைக்கும், ஒரு சாலை மட்டும் எதுவும் வைக்காது. இந்தக் காசுகளில் அந்த இடத்தில் மீன் செதில் மாதிரி ஒரு சின்ன வளைவு இருந்தது. அது எந்தச் சாலையின் குறி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கடலைப் பார்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு அதை வேறு சொல்லவேண்டுமா என்ன.

நல்லது ஒன்று வந்தால் அதற்கொரு போலியும் வரத்தானே செய்யும். பக்கத்து டவுனில் பல் கட்டும் ஆள் ஒருவர், போட்டோவைக் கொடுத்தால் அதே முகத்தில் காசு வார்த்துக் கொடுக்கிறார் என்று தெரிய வந்தது. வாங்கப் போனவர்கள் திருடர்கள் இல்லை, காத்திருந்து காத்திருந்து நெஞ்சு வறண்டவர்கள். ஆனால் போலிக்கு அடக்கம் பண்ணி, பேரும் விட்ட பிறகு அந்த ஆள் எங்கோ கரையேறி வந்து நின்றால் என்ன செய்வது? அதனால்தான் பூரணம் பார்த்து நிஜம் என்று சொன்னால் ஒழிய குழி வெட்டக் கூடாது என்று கமிட்டி முடிவு பண்ணியது.

அப்படித்தான் ஒரு நாள் காலையில் செபஸ்தியம்மா ஒரு காசைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்து கடை மேசையில் வைத்தாள். பின்னாலேயே அவள் மருமகள் ஜெசிந்தா ஓடி வந்தாள், தலைகூடச் சீவியிருக்கவில்லை. செபஸ்தியம்மாவின் மகன் இன்னாசி அந்தப் புயலில் போனவன், கல்யாணமாகி முதல் வருஷம் முடிவதற்குள் போனவன், அவன் முகம் இன்னும் எந்தக் கிண்ணத்திலும் விழவில்லை. அதை வைத்தே ஜெசிந்தா தினம் கரையில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காசு வராதவரை அவன் இருக்கிறான் என்பது அவள் கணக்கு, அதைத் தப்பென்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

பூரணம் காந்தத்தைக் காட்டினாள், நிஜக் காசுபோல் ஒட்டவில்லை. கண்ணாடியில் பார்த்தாள், கன்னமெல்லாம் ஊசி முனை அளவுக்குக் குமிழ் வெடித்த பொத்தல்கள், ஓரத்தில் அரம் போட்ட கீறல். தலையோ கல்யாணப் போட்டோவுக்காக எண்ணெய் வைத்து வகிடெடுத்த தலை, கடலில் போகிறவன் அப்படிச் சீவிக்கொண்டா போவான்.

"வார்ப்பு. டூப்ளிகேட்டு" என்றாள்.

ஜெசிந்தா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரிப்போடு அழுகையும் வந்தது. செபஸ்தியம்மா மருமகளைப் பார்க்கவில்லை. "எம் புள்ளைக்கு ஒரு குழி வேணும்மா" என்றாள் பூரணத்திடம். "ஒரு மெழுகுவத்தி பொருத்தி வைக்க ஒரு எடம். நான் செத்தா எம் பக்கத்துல யாரு படுப்பா?" அந்தக் கிழவியை யார் திட்டுவது? பூரணம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். ஜெசிந்தா அன்று மத்தியானமே கூடை நிறையச் சாளை மீன் கொண்டுவந்து பூரணத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நாளில் இன்னாசி நிஜமாகவே வந்தான், அதுவும் பூரணத்தின் கல்லாவுக்குள்ளேயே. இருமல் டானிக் வாங்கினவர் யாரோ கொடுத்துவிட்டுப் போன இரண்டு ரூபாய்க் காசில், முகம் மேடாக இல்லாமல் குழிந்து, இடது வலது மாறி, களிமண்ணில் முகத்தை அழுத்தி எடுத்தால் விழும் பள்ளம்போல இருந்தது. பூரணம் வாழ்நாளெல்லாம் தேடின பிழை அது. சேர்ப்பவர்கள் ப்ரோக்கேஜ் என்பார்கள், அடிபட்ட காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால் அடுத்து வரும் தகட்டில் அச்சு பதியாது, ஒட்டிக்கொண்டதன் உருவம்தான் தலைகீழாகக் குழிந்து பதியும். இதில் முகமே குழிந்திருக்கிறதென்றால் காசு முகத்தை வெளியே காட்டிக்கொண்டு ஒட்டியிருக்கிறது, அது அரிதிலும் அரிது. வேறு ஊரில், வேறு முகத்தில் கிடைத்திருந்தால் அவள் கூத்தாடியிருப்பாள். இப்போது கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டாள்.

மறைக்கவும் முடியவில்லை. மறுநாள் டீக்கடையில் ஒன்று, ரேஷன் கடையில் ஒன்று, மீன் ஏலத்தில் கை நிறைய, எல்லாவற்றிலும் இன்னாசியின் குழிந்த முகம். ஊர் திரண்டு மெடிக்கல் ஷாப் முன்னால் வந்து நின்றது. பூரணம் இரண்டு மாத்திரை டப்பா மூடிகளை வைத்து நடந்ததை விளக்கினாள்.

"அப்ப அவுக காசு இன்னும் வெளியே வரல்லியே?" என்றாள் ஜெசிந்தா. "உள்ளேதான இருக்கு? பிடிச்சுக்கிட்டுத்தான இருக்காவ?"

"ஆமா. ஒட்டிக்கிட்டு இருக்கு."

"அப்ப அவுக சாகல்ல."

பூரணம் டப்பா மூடிகளைக் கீழே வைத்தாள். தெரியாது என்றே சொன்னாள். கூட்டத்திலிருந்து லூர்தம்மாள் முன்னே வந்தாள், அவள் ஒரே மகன் இன்னாசியின் படகில் கூடப் போனவன், அவன் காசும் வரவில்லை. "அவன் அங்க ஒட்டிக்கிட்டுக் கெடந்தா பின்னால நிக்கிற எம் புள்ள எப்படிம்மா வருவான்?" என்று அவள் கேட்டபோதுதான் எல்லோருக்கும் விஷயம் உறைத்தது. இன்னாசி வந்த நாளிலிருந்து வேறு முகம் ஒன்றுகூட எந்தக் கிண்ணத்திலும் விழவில்லை, ஜெசிந்தா கூப்பிடுவதை விடாதவரை அவன் பிடியை விடப்போவதுமில்லை.

யாரும் ஜெசிந்தாவைக் கடுமையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு அதிகம் வலித்திருக்கும். கரையில் அவள் கூப்பிடும்போது மற்ற வீட்டுப் பெண்கள் பக்கத்தில் வந்து சும்மா நின்றார்கள். தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தை முதலில் வைக்கச் சொன்னார்கள். லூர்தம்மாள் தினம் காலையில் ஜெசிந்தாவின் வாசலில் வந்து உட்கார்ந்து, எதுவும் பேசாமல், வெயில் ஏறினதும் எழுந்து போனாள். செபஸ்தியம்மா மட்டும் ஒரு நாள் அவளுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "எம் மருமகள வையாதீங்க மதினி" என்றாள். "நான் எங்க வஞ்சேன்?" என்றாள் லூர்தம்மாள். "கேக்கத்தான் வந்தேன், கேக்க வாய் வரல்ல."

ஊரெல்லாம் அவள் புருஷன் முகம். முதலில் ஜெசிந்தா அதில் சந்தோஷப்பட்டாள் என்றுகூடச் சொல்லலாம், காசுகளைச் சேர்த்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள், குழிக்குள் விரலை வைத்து மூக்கையும் உதட்டையும் தடவிப் பார்த்தாள். ஆனால் ஒட்டின காசு அடி வாங்க வாங்க நசுங்கி விரியும், அதன் உருவமும் ஒவ்வொரு அடிக்கும் பரந்து மங்கிக்கொண்டே போகும், பூரணம் இதை முன்பே சொல்லியிருந்தாள். வாரங்கள் போகப் போக இன்னாசியின் முகம் காசின் ஓரத்தைத் தொட்டது, காது வெளியே போனது, கண் இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகின. ஒரு நாள் லூர்தம்மாள் அப்படியொரு காசை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, "இது எம் புள்ள, இது எம் புள்ளதான்" என்று கத்தினாள். இன்னொருத்தி அதை வாங்கிப் பார்த்துத் தன் அண்ணன் என்றாள். மூன்றாவதாக வாங்கிப் பார்த்த ஜெசிந்தாவால் அது தன் புருஷன் என்று சொல்ல முடியவில்லை. அது யாராகவும் இருக்கலாம்போல இருந்தது. கண்ணை மூடி அவன் முகத்தை நினைத்துப் பார்த்தாள், மூடின கண்ணுக்குள்ளும் அந்தப் பரந்த முகம்தான் வந்தது.

மறுநாள் உச்சி வெயிலில், படகு எதுவும் வராத நேரத்தில் அவள் கரைக்குப் போனாள். சொல்லி அனுப்பாமலே ஊர் பின்னால் போனது. இடுப்பளவு தண்ணீரில் நின்று இன்னாசி என்று கூப்பிட்டாள், அவள் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கரையில் மட்டும்தான், வீட்டில் ஏங்க என்பதோடு சரி. "எனக்கு ஒங்க மொகம் மறந்துபோகும்போல இருக்கு" என்றாள். பிறகு, "நீங்க இனி வரவேண்டாம்" என்றாள். திரும்பி நடந்தாள். செபஸ்தியம்மா அவளைச் சேலைத் தலைப்பால் போர்த்திக் கூட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் விடிந்ததும் காசுகள் வந்தன. அடைத்திருந்த மடை திறந்ததுபோல, எல்லாக் கல்லாவிலும், எல்லாப் பையிலும், கூர்மையான மேட்டு முகங்கள், மிச்சமிருந்த அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். லூர்தம்மாளின் மகன் உண்டியலில் வந்தான், அவள் அவனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தாள். தச்சர்களுக்குக் கை ஓயவில்லை, பங்குச்சாமியாருக்குத் தொண்டை கட்டியது. ஊரில் காத்திருக்க ஒருவரும் பாக்கியில்லை என்று ஆன பிறகு, எல்லோருக்கும் கடைசியாக, இன்னாசியின் காசு வந்தது. மீன் வாங்கின வெளியூர்க்காரன் ஒருவன் ஜெசிந்தாவின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான்.

அவள் அதைப் பூரணத்திடம் கொண்டுவந்தபோது கடையில் வேறு யாரும் இல்லை. அச்சைச் சுற்றி மடங்கிக் கிடந்ததால் காசு சின்னக் கிண்ணம்போல் வளைந்திருந்தது. ஒட்டிக் கிடந்ததற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம். பூரணம் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். செதில் குறி இருந்தது. ரேகை ஓடியிருந்தது. அத்தனை அடி வாங்கின முகம் தேய்ந்து மழுங்கிப் போயிருக்கவேண்டும், ஆனால் அது தேயவில்லை. அதற்கு வயசாகியிருந்தது. நெற்றி மேலே ஏறி, கன்னம் ஒட்டி, நாடியில் தாடி, கண்ணோரத்தில் வெயிலுக்கு இடுங்கின சுருக்கம். வருஷக்கணக்கில் எங்கேயோ உயிரோடு இருந்து, எதையோ எதிர்பார்த்து நின்றவனின் முகம்.

பூரணம் கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"போகும்போது அவுகளுக்கு நெத்தி இப்படி ஏறல்லக்கா" என்றாள் ஜெசிந்தா மெதுவாக. "தாடியே வளராது அவுகளுக்கு. நான் கேலி பண்ணுவேன். புயல்லயே செத்திருந்தா இந்த மொகம் எப்படி வரும்?" மேசைப் பக்கம் குனிந்தாள். "நான் வரவேண்டாம்னு சொன்ன அன்னைக்குத்தானக்கா இது அச்சுலருந்து விழுந்துச்சு?"

பூரணம் காசை மேசையில் வைத்தாள். தெருவில் யாரோ கரும்புச் சாறு விற்றுக்கொண்டு போனார்கள்.

"சொல்லுங்கக்கா. நெசமா, டூப்ளிகேட்டா?"

பூரணம் மறுபடியும் காசை எடுத்தாள், திருப்பினாள், ஓரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள், அந்தப் பாவனைகூட அவளுக்குச் சரியாக வரவில்லை. "வார்ப்பு" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "டூப்ளிகேட்டு. எவனோ ஒரு மொகத்த வச்சுப் பண்ணியிருக்கான். இது இன்னாசி இல்ல."

ஜெசிந்தா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொய் சொல்லுதீங்க" என்றாள். "ஒங்களுக்குப் பொய் சொல்ல வராதுக்கா. மூஞ்சிலயே தெரியுது." பூரணம் தலையைக் குனிந்துகொண்டாள். ஜெசிந்தா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள், காசை எடுத்து அவள் கைக்குள் மறுபடி வைத்து விரல்களை மூடினாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

பூரணம் இன்னொரு தடவை சொன்னாள்.